ஹுமாயூன்பூரின் இரவுச் சாப்பாடு: அன்று புகார், இன்று வரிசை

புது தில்லி: இரவு எட்டு மணிக்கு மேல் ஹுமாயூன்பூரின் சந்துகளுக்குள் கார் நுழைய முடியாது. இரண்டு ஸ்கூட்டர்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கித்தான் ஆக வேண்டும். தலைக்கு மேலே மின்கம்பிகள் சிக்கிப் பின்னிக் கிடக்கின்றன. நான்கு, ஐந்து மாடிக் கட்டடங்கள் ஒன்றையொன்று தோளில் இடித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றின் கீழ்த்தளத்திலும் முதல் மாடியிலும், சில இடங்களில் மொட்டை மாடியிலும் சிறிய உணவகங்கள். படிக்கட்டில் இளைஞர்கள் மேஜைக்காகக் காத்திருக்கின்றனர். அவர்களில் பாதிப் பேருக்கு, உள்ளே போய் எதைக் கேட்பது என்பது தெரியாது. தெரியாததைச் சாப்பிடுவதற்காகவே வந்திருப்பவர்கள் அவர்கள்.

தெற்குத் தில்லியின் சப்தர்ஜங் என்கிளேவ் குடியிருப்பை ஒட்டி, மான் பூங்காவுக்கு அருகில் உள்ள இந்த இடம் பெயரளவில் இன்னும் கிராமம்தான். தலைநகரம் விரிவடைந்தபோது சுற்றியிருந்த விளைநிலங்களை அரசு கையகப்படுத்தியது. வீடுகள் இருந்த பகுதி மட்டும் அப்படியே விடப்பட்டது. வெள்ளையர் ஆட்சியில் வருவாய்த் துறையினர் ஊர்க் குடியிருப்பைச் சுற்றிச் சிவப்பு மையால் கோடு வரைந்து வைத்தனர். 'லால் டோரா' எனப்படும் அந்தக் கோட்டுக்குள் கட்டட விதிகளின் பிடி தளர்வாகவே இருந்துவந்தது. நிலத்தை இழந்த ஜாட் குடும்பங்கள் மாடி மேல் மாடி கட்டி வாடகைக்கு விட்டன. பக்கத்துக் குடியிருப்புகளைவிட வாடகை குறைவு. வேலை தேடி வந்த வெளியூர் இளைஞர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்படி வந்தவர்களில் நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம், மேகாலயம், அருணாசலப் பிரதேசம், அசாம் ஆகிய மாநிலங்களைச் சேர்ந்தவர்கள் ஏராளம். சொந்த ஊரில் உயர்கல்விக்கும் வேலைக்கும் வாய்ப்பு குறைவு. ஊரில் துப்பாக்கிச் சத்தம் ஓயாத ஆண்டுகளும் உண்டு. ஆங்கிலம் நன்றாகப் பேசுவார்கள் என்பதால் 2000-க்குப் பிறகு பெருகிய கால் சென்டர்கள், வணிக வளாகங்கள், விமான நிறுவனங்கள், நட்சத்திர ஓட்டல்கள், அழகு நிலையங்கள் இவர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டன. இரவுப் பணி முடித்து வருபவர்கள் தங்கள் ஊர்ச் சோற்றைத் தேடினார்கள். அந்தத் தேடலுக்குப் பதிலாக முளைத்தவைதான் ஹுமாயூன்பூரின் உணவகங்கள். முதலில் ஊர்க்காரர்களுக்காக நடந்தன. பின்னர் தில்லிக்காரர்களும் வரத் தொடங்கினர்.

இன்று அங்கே ஆவலுடன் கேட்டு வாங்கப்படும் உணவுகளில் ஒன்று, 2007-ல் காவல் துறையின் அறிவுரையில் இடம்பெற்ற ஒன்று. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வரும் மாணவர்களுக்காகத் தில்லி போலீஸ் அந்த ஆண்டு ஒரு சிறு கையேடு வெளியிட்டது. பாதுகாப்பு ஆலோசனைகள் என்ற பெயரில் பெண்கள் எப்படி உடுத்த வேண்டும் என்பது முதல் பலவும் அதில் இருந்தன. மூங்கில் குருத்து, அகூனி போன்ற வாசனை மிகுந்த பதார்த்தங்களைச் சமைக்கும்போது அக்கம்பக்கத்தில் சச்சரவு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. கையேட்டுக்குக் கடும் கண்டனம் எழுந்தது. அதைத் தயாரித்தவர் நல்லெண்ணத்துடனேயே செய்திருக்கலாம். ஆனால் தாக்கப்படுகிறவரிடம் 'நீ அடங்கி இரு' என்று சொல்வது என்ன பாதுகாப்பு என்ற கேள்விக்குப் பதில் இல்லை. ஒருவரது அடுப்பிலிருந்து எழும் வாசனை காவல் துறை கவனிக்க வேண்டிய விஷயமாகிவிட்டது என்பதே அந்தக் கையேட்டின் வழியே தெரிய வந்த உண்மை.

அகூனி என்பது என்ன?

நாகாலாந்தின் சுமி இனத்தவரின் வீட்டில் அகூனி இல்லாத நாளே இருக்காது எனலாம். சோயா பீன்ஸை மெத்தென்று வேகவைத்து, நீரை வடித்து, இலையில் பொதிந்து, அடுப்பங்கரையின் வெதுவெதுப்பில் சில நாள் வைத்துவிடுகிறார்கள். பொதி புளித்து, பருப்பு பிசுபிசுவென நூல் விடத் தொடங்கும். பிறகு அதை மசித்து, அப்படியேயோ, அடுப்பின் மேல் காயவைத்தோ பயன்படுத்துகிறார்கள். சுமி மொழியில் அந்தப் பெயரே அழுத்தமான வாசனை என்று பொருள்படும். வைக்கோலில் இயற்கையாகக் காணப்படும் பாசில்லஸ் வகை நுண்ணுயிரின் வேலை இது. மணிப்பூரில் இதே முறையில் செய்வது ஹவாய்ஜார், மேகாலயத்தில் துங்ரிம்பாய், சிக்கிமில் கினேமா. ஜப்பானியர்கள் காலை உணவில் சேர்த்துக்கொள்ளும் நாட்டோவும் இதன் ஒன்றுவிட்ட உறவுதான். ஆனால் ஜப்பானிய உணவகத்தில் நாட்டோவை மூக்கைப் பிடித்துக்கொண்டு யாரும் பழிப்பதில்லை.

வாசனை என்னவோ அழுத்தமானதுதான். அதை மறைத்துச் சொல்வது அகூனிக்கே மரியாதை அல்ல. கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் வீட்டின் முன்னால் நடந்து போனவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. தட்டில் வந்த பிறகு மூக்கு பழகிவிடுகிறது, நாக்கு விடமாட்டேன் என்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். இட்லி மாவு புளித்துப் பொங்குவதும் நுண்ணுயிரின் வேலைதான். பழகிய புளிப்பு மணம். பழகாத புளிப்பு நாற்றம்.

ஹுமாயூன்பூருக்கு முதன்முறையாக வருபவர் பெரும்பாலும் நாகா சாப்பாட்டைத்தான் கேட்கிறார். தட்டு அல்லது மூங்கில் தட்டத்தின் நடுவே சோறு மலைபோல் குவிந்திருக்கும். அதைச் சுற்றி ஒரு கிண்ணம் பருப்பு, வெறும் நீரில் வேகவைத்த கீரையும் காயும், சிவந்த சட்னி, கூடவே இறைச்சி. இறைச்சி என்றால் முதலிடம் பன்றிக்குத்தான். அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுப் புகையூட்டிய பன்றி இறைச்சியை அகூனியோடு சேர்த்துச் சமைப்பது ஒரு வகை. புளித்த மூங்கில் குருத்தோடு சமைப்பது இன்னொரு வகை. ஆவோ நாகர்கள் சேப்பங்கிழங்கின் இலையைப் புளிக்கவைத்து, வடைபோல் தட்டிக் காயவைத்துச் செய்யும் அனிஷியைச் சேர்ப்பது மூன்றாவது வகை. நிறம் கிட்டத்தட்டக் கறுப்பு, சுவையில் ஒரு காட்டுத்தன்மை.

வட இந்திய உணவகத்திலிருந்து நேராக வருபவரைத் திகைக்க வைப்பது அங்கே இல்லாத பொருள்கள்தான். எண்ணெய் மிதப்பதில்லை. வெங்காயம், தக்காளி மசாலா இல்லை. கரம் மசாலாவின் வாடையே இல்லை. இறைச்சி தன் சொந்தக் கொழுப்பிலேயே வெந்திருக்கிறது. இஞ்சி, பூண்டு, மிளகாய், புளித்த பொருள் ஒன்று. அவ்வளவுதான். முதல் கவளத்தில் 'ஏதோ குறைகிறதே' என்று தோன்றும். நான்காவது கவளத்தில் புகையும் புளிப்பும் காரமும் தனித்தனியாகத் தெரியத் தொடங்கும். அந்த இடைவெளியில் எழுந்து போய்விடாதவர்களே மறுபடியும் வருகிறார்கள்.

காரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். நாகாலாந்தில் ராஜா மிளகாய் என்றும், அசாமில் பூத் ஜோலோகியா என்றும் அழைக்கப்படும் மிளகாய், 10 லட்சம் ஸ்கோவில் அலகுகளைத் தாண்டி உலகின் மிகக் காரமான மிளகாய் என்று 2007-ல் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. (போலீஸ் கையேடு வெளியான அதே ஆண்டு.) பின்னர் வேறு வகைகள் அதை முந்திவிட்டன என்றாலும், நாக்குக்கு அந்தக் கணக்கு தெரியாது. நாகா மிளகாய்க்கு 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தட்டின் ஓரத்தில் அரைத் தேக்கரண்டி அளவே வைக்கப்படும் அந்தச் சட்னியை, ஆந்திரக் கோங்குராவைப் பிசைவதுபோல் சோற்றில் பிசைந்துவிட்டால் அன்றைய சாப்பாடு அத்தோடு முடிந்தது. பரிமாறும் பெண்கள் புதியவரின் முகத்தைப் பார்த்ததும் காரம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டுவிடுகிறார்கள். பொய்யான வீரம் காட்டாமல் பதில் சொல்வது நல்லது.

வயிறு நிறைய வேண்டும், ஆனால் துணிச்சல் குறைவு என்பவர்களுக்குக் கல்ஹோ இருக்கிறது. அரிசி, கீரை, சிறிது இறைச்சி எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைய வேகவைத்த அங்காமி நாகர்களின் உணவு. குளிர்காலத் தில்லியில், ஜனவரி மாதத்து மூடுபனி இரவில், ஒரு கிண்ணம் சூடான கல்ஹோவுக்கு நிகராக அந்தத் தெருவில் வேறொன்றும் இல்லை.

அடுத்த படிக்கட்டில் ஏறினால் மணிப்பூர். அங்கே எல்லாவற்றுக்கும் அடிப்படை ஙாரி என்னும் புளித்த மீன். தமிழில் சொல்லுக்கு முதலில் காண்பதற்கே அரிதான ஙகரம் மணிப்புரி மொழியில் மீனுக்கு முதலெழுத்தாக வருகிறது. 'ஙா' என்றால் அவர்களுக்கு மீன். வேகவைத்த உருளைக்கிழங்கையும் காய்களையும் மிளகாயுடனும் ஙாரியுடனும் மசித்துச் செய்வது ஈரோம்பா. முட்டைக்கோஸ், தாமரைத் தண்டு போன்றவற்றைப் பொடியாக நறுக்கிக் காரத்துடன் பிசிறினால் சிங்ஜு. கடைசியாகச் சக்-ஹாவ் என்னும் கறுப்பரிசிப் பாயசம். கத்திரிப்பூ நிறத்தில் வரும் அந்தக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, செட்டிநாட்டுக் கவுனி அரிசியை நினைக்காத தமிழர் இருக்க மாட்டார். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற அரிசி அது. அசாம் உணவகத்தில் புளிப்பான மீன் குழம்பான தெங்காவும், வாழைத்தோலைச் சுட்ட சாம்பலில் நீர் வடித்துச் செய்யும் காரும் கிடைக்கும். பெயர்தான் கார், காரம் கிடையாது.

சைவ உணவு மட்டுமே உண்பவர்களுக்கு இத்தெருவில் வாய்ப்பு குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. ஙாரி சேர்க்காமல் ஈரோம்பாவும் சிங்ஜுவும் செய்து தருமாறு கேட்கலாம். அகூனியும் அடிப்படையில் ஒரு தானியப் பொருளே; இறைச்சி சேர்க்காமல் சட்னியாக அரைத்தும் உண்கிறார்கள். ஆனால் ஒரே அடுப்பில் எல்லாமே சமைக்கப்படும் சிறிய சமையலறைகள் இவை என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

கேட்கக் கூடாத கேள்வி

சில வாடிக்கையாளர்கள் சிரித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்பதுண்டு. 'நாய்க்கறி கிடைக்குமா?' என்பதே அது. கேட்பவர்களுக்கு அது நகைச்சுவை. வடகிழக்கிலிருந்து வந்து தில்லியில் வாழ்பவர்களுக்கு, பள்ளி, பேருந்து, அலுவலகம் என்று எல்லா இடங்களிலும் கேட்டுச் சலித்த வசை. சில நூறு ரூபாய் கொடுத்துச் சாப்பிட வந்த இடத்தில் அதைக் கேட்பவர், தான் எந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறார்.

அடுத்தவர் தட்டில் எட்டிப் பார்ப்பது இந்தத் தெருவோடு நிற்கிற பழக்கமும் அல்ல. தலைநகரில் அறியாத உணவைத் தேடுபவர்களின் முதல் புகலிடம் மாநில அரசுகளின் இல்லங்கள். அசோகா சாலையில் ஆந்திர பவனின் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்காத தில்லிக்காரர் குறைவு. ஜந்தர் மந்தர் சாலையிலுள்ள கேரள இல்லத்தின் உணவகத்தில், பசு இறைச்சி பரிமாறப்படுவதாக வந்த புகாரின்பேரில் 2015 அக்டோபரில் தில்லி போலீஸார் நுழைந்தனர். அங்கே பரிமாறப்பட்டது எருமை இறைச்சி என்று கேரள அரசு விளக்கியது. அன்றைய முதல்வர் உம்மன் சாண்டி கடும் எதிர்ப்புத் தெரிவித்தார். ஒரு மாநில அரசின் கட்டடத்தில் இருக்கும் சமையலறைக்கே அந்த நிலை என்றால், வாடகை அறையில் இருக்கும் ஒரு பானைக்கு என்ன பாதுகாப்பு இருக்க முடியும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், தில்லி தன்னுடையது என்று பெருமைப்பட்டுக்கொள்ளும் உணவில் பெரும்பகுதி ஒரு காலத்தில் வந்தேறிய உணவு. தேசப் பிரிவினையின்போது பெஷாவரிலிருந்து உடைமைகளை இழந்து வந்த குந்தன் லால் குஜ்ரால் தம் கூட்டாளிகளுடன் சேர்ந்து 1947-ல் தரியாகஞ்சில் தொடங்கிய 'மோத்தி மஹால்' மூலமாகத்தான் தந்தூரிக் கோழியும் பட்டர் சிக்கனும் தலைநகரில் புகழ்பெற்றன. அந்த அகதிகளின் சமையல் பின்னர் பிரதமர் நேருவின் விருந்தினர்களுக்கும் பரிமாறப்பட்டது. பட்டர் சிக்கனைக் கண்டுபிடித்தது யார் என்று உரிமை கோரி, குஜ்ராலின் வழிவந்தவர்களுக்கும் பழைய கூட்டாளியின் வழிவந்தவர்களுக்கும் இடையே 2024-ல் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கே நடக்கும் அளவுக்கு அது விலைமதிப்புள்ள சொத்தாகிவிட்டது. 1986-ல் டிபன்ஸ் காலனியில் சாகர் உணவகம் திறந்த நாளிலிருந்து மசால் தோசையும் அப்படித்தான். தெற்கிலிருந்து வந்த எல்லோரையும் 'மதராசி' என்ற ஒரே சொல்லில் அடக்கிய நகரம், ஞாயிற்றுக்கிழமை காலையில் சாம்பார் வாளிக்காகக் காத்து நிற்கப் பழகியது.

லஜ்பத் நகர் இந்தக் கதையின் இரு பக்கங்களையும் கண்ட இடம். அது பிரிவினை அகதிகளுக்காக உருவாக்கப்பட்ட குடியிருப்பு. பிற்காலத்தில் ஆப்கானிஸ்தானிலிருந்து போருக்கு அஞ்சியும் மருத்துவத்துக்காகவும் வந்தவர்கள் அங்கே தங்கினர். காபூலி புலாவும் மந்துவும் விற்கும் கடைகளும், முழ நீள ரொட்டி சுடும் அடுப்புகளும் தோன்றின. அகதிகளின் பிள்ளைகள் கடை வைத்திருக்கும் அதே லஜ்பத் நகரில்தான், 2014 ஜனவரி 29 அன்று அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா தாக்கப்பட்டார். வழி கேட்கக் கடைக்குச் சென்ற அவரது முடியின் நிறத்தையும் தோற்றத்தையும் கேலி செய்ததில் தகராறு மூண்டது. மறுநாள் அவர் இறந்தார்.

அந்த மரணம் தலைநகரை உலுக்கியது. ஜந்தர் மந்தரில் மாணவர்கள் திரண்டனர். எம்.பி. பெஸ்பருவா தலைமையில் மத்திய அரசு அமைத்த குழு அதே ஆண்டு ஜூலையில் அறிக்கை அளித்தது. இன இழிவுச் சொற்களைத் தண்டிக்கச் சட்டத் திருத்தம் வேண்டும், வடகிழக்கின் வரலாறு பாடநூல்களில் இடம்பெற வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் அடங்கும். தில்லி போலீஸில் வடகிழக்கு மக்களுக்கெனத் தனிப் பிரிவும் 1093 என்ற உதவி எண்ணும் வந்தன. இருந்தும் 2020 மார்ச்சில், கரோனா பீதியின் தொடக்கத்தில், வடக்குத் தில்லியில் ஒரு மணிப்பூர்ப் பெண்ணை 'கரோனா' என்று திட்டி ஒருவர் எச்சிலைத் துப்பிவிட்டுப் போனார். பாடநூல் செய்யாத வேலையைச் சோறு செய்துவிடும் என்று நம்புவது பேராசைதான்.

ஆனாலும் சோறு ஏதோ செய்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. 2010-ல் கிரீன் பார்க் மெட்ரோ நிலையம் திறந்த பிறகு, நகரின் மறுகோடியிலிருந்தும் இந்தச் சந்துக்கு வருவது எளிதாகியது. பஞ்சாபிக் குடும்பங்கள், வங்காளிகள், ஐ.ஐ.டி. மாணவர்கள், கரோல் பாக் தமிழர்கள் என்று வார இறுதியில் எல்லோரையும் காணலாம். 'பையா' என்று கூப்பிட்டுப் பழகியவர்கள் மேஜைக்கு வரும் பெண்ணை 'தீதி' என்று அழைத்து, அனிஷி என்றால் என்ன என்று விளக்கம் கேட்கிறார்கள். இது எந்த மாநிலம், அந்த மாநிலத்தில் எத்தனை மொழிகள் என்று பேச்சு நீளுகிறது. 'நீங்கள் சீனாவா?' என்று தொடங்கும் பேச்சைவிட இது எவ்வளவோ மேல்.

கிராமத்து வீட்டு உரிமையாளர்களுக்கும் லாபம். கால்நடை கட்டியிருந்த கீழ்த்தளம் இப்போது உணவகம். உரிமையாளரின் வயதான தந்தை வாசலில் ஹூக்கா பிடித்தபடி கயிற்றுக் கட்டிலில் அமர்ந்திருக்க, அவர் தலைக்கு மேலே பன்றி இறைச்சி வெந்துகொண்டிருக்கிறது. அவர் அதைச் சாப்பிடுவதில்லை. வாடகை மாதந்தோறும் தவறாமல் வருகிறது. தலைநகரில் நிலவும் சமரசங்களுள் இதுவும் ஒன்று.

உணவகங்களுக்கு இடையே மளிகைக் கடைகளும் உள்ளன. திமாபூரிலிருந்து ரயிலிலும் இம்பாலிலிருந்து விமானத்திலும் வரும் சரக்குகள் அங்கே கிடைக்கும்: பாட்டிலில் மூங்கில் குருத்து, இலைப் பொதியில் அகூனி, காய்ந்த மீன், கொத்துக் கொத்தாகப் பெயர் தெரியாத கீரைகள், பருவத்தில் ராஜா மிளகாய். விமானச் சரக்குக் கட்டணத்தால் ஊரில் விற்பதைவிட விலை அதிகம். ஆயினும் மாலையில் கூட்டம் குறைவதில்லை.

வாங்கிய பொதியை எங்கே சமைப்பது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. மேகாலயத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் கார்கோங்கோர் 2019-ல் இயக்கிய 'அகூனி' திரைப்படத்தின் கதையே அதுதான். தோழி ஒருத்தியின் திருமணத்துக்கு அகூனி சேர்த்துப் பன்றி இறைச்சி சமைக்க நினைக்கும் நண்பர்கள், வீட்டு உரிமையாளரின் மூக்குக்கு எட்டாத ஓர் இடத்தைத் தேடித் தில்லியில் நாள் முழுக்க அலைகிறார்கள். கதை நடப்பது இதே ஹுமாயூன்பூரில். படம் பார்த்துவிட்டு ஹுமாயூன்பூருக்குச் சாப்பிட வந்தவர்களும் உண்டு.

திரையில் சிரிப்பூட்டும் அந்த அலைச்சல், வெளியே இன்னும் முடியவில்லை. வாடகைக்கு வீடு பார்க்கும்போது தரகர் கேட்கும் கேள்விகளில் சாப்பாடு இன்றும் முதலிடம் வகிக்கிறது. தில்லி என்றில்லை, சென்னையிலும் 'சைவர்களுக்கு மட்டும்' பலகைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. உணவகத்தில் அதே பதார்த்தத்தைப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பும் குடும்பம், தன் மாடியில் குடியிருப்பவர் அதைச் சமைத்தால் பொறுத்துக்கொள்ளுமா என்பது வேறு கேள்வி. காசு கொடுத்து விரும்பிச் சாப்பிடும் வாசனை ஒன்று. பக்கத்து அறையிலிருந்து கேட்காமல் வரும் வாசனை இன்னொன்று. முதலாவதை ஏற்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

எனவே ஹுமாயூன்பூரின் உணவகங்களுக்கு இரண்டு வேலைகள். புதியதைத் தேடி வருபவருக்கு அவை விருந்து மண்டபம். வடகிழக்கின் இளைஞர்களுக்கோ, தங்கள் அறையில் இயலாததைச் சமைத்துத் தரும் பொதுச் சமையலறை. 2023 மே 3-ல் மணிப்பூரில் மெய்தெய், குக்கி சமூகங்களுக்கிடையே மோதல் வெடித்து 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; பல்லாயிரம் பேர் வீடிழந்தனர். அவர்களில் ஒரு பகுதியினர் உறவினரைத் தேடித் தில்லிக்கும் வந்தனர். ஊருக்குத் திரும்ப வழியில்லாதவர்களுக்கு ஊர் என்று மிஞ்சியிருப்பது சில சமயம் ஒரு கிண்ணம் ஈரோம்பாதான்.

பத்து மணியைத் தாண்டினால் சாப்பிட வந்த குடும்பங்கள் ஆட்டோ தேடிப் போய்விடுகின்றன. அதன் பிறகு வருவது இன்னொரு கூட்டம். கழுத்தில் அலுவலக அட்டை தொங்க, வேலை முடிந்து நேராக வருபவர்கள். அவர்கள் பட்டியலைப் பார்ப்பதில்லை. அம்மொழி தெரிந்த சமையல்காரரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அகூனிப் பன்றி இறைச்சியைப் பொட்டலமாகக் கேட்கிறார்கள். பிளாஸ்டிக் டப்பாவில் நிரப்பி, மூடிக்கு மேல் காகிதம் சுற்றி, அதற்கும் மேல் ஒரு பை போட்டு இறுக்கிக் கட்டித் தருகிறார் சமையல்காரர். மாடிப்படி ஏறும்போது வீட்டுக்காரர் கதவைத் தாண்டிப் போக வேண்டும் அல்லவா.